அப்பாவின் போனும் கூகுளின் அனுமதியும்

சார்,

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி போடுவதை கம்பெனிகள் தடுப்பது தவறு என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவர் வாட்ஸ்அப்புக்கு 'ஆர்டிஓ சலான்' என்ற பெயரில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு, வந்தது. அனுப்பியது அவருடன் தினமும் நடைப்பயிற்சி போகும் நண்பரின் எண். திறந்து பார்த்தார். அன்று ராத்திரியே கணக்கிலிருந்து 1,84,000 ரூபாய் போய்விட்டது. மறுநாள் காலையில் சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் வங்கிக்கும் புகார் செய்தோம். "ஓடிபி உங்கள் போனுக்குத்தானே வந்தது" என்று வங்கி கைவிரிக்கிறது. என் தங்கையின் ஐபோனில் அதே கோப்பைத் திறக்கவே முடியவில்லை. எல்லாப் போனும் அப்படி இருந்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்? சுதந்திரம் வேண்டும் என்பவர்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளட்டும். போன் என்பது இன்று எங்களைப் போன்றவர்களுக்கு வங்கிப் புத்தகம்.

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

படித்ததும் மனம் கனத்துவிட்டது. முதலில் ஒரு வேண்டுகோள். "இதைப் போய் அமுக்குவீர்களா" என்று வீட்டில் யாரும் அப்பாவைக் கேட்க வேண்டாம். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததை நம்பினார், அவ்வளவுதான். அந்த நண்பரின் போனும் இதே கோப்புக்கு முன்னமே பலியாகியிருக்கும். ஒருவரின் தொடர்புப் பட்டியலைப் பிடித்து அடுத்தவருக்குத் தாவுவதுதான் இதன் வழக்கம்.

அந்தப் போனுக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். கோப்பை அமுக்கியவுடன், இந்த இடத்திலிருந்து செயலி நிறுவ அனுமதி இல்லை என்று ஆண்ட்ராய்டு சொல்லும். அமைப்புகளுக்குப் போய் வாட்ஸ்அப்புக்கு நேரே உள்ள பொத்தானைத் தள்ளினால் வழி விடும். இதுவரை பணத்துக்கு ஆபத்து இல்லை. செயலி திறந்ததும் அடுத்த கேள்வி வருகிறது: எஸ்எம்எஸ் படிக்க அனுமதிக்கலாமா? திருட்டு நடப்பது இங்கேதான். சலான் காட்டும் செயலிக்கு எஸ்எம்எஸ் எதற்கு? அனுமதி கொடுத்த நொடியிலிருந்து, வங்கி அனுப்பும் ஓடிபி அப்பாவின் கண்ணில் படும் முன்பே வேறொருவன் கைக்குப் போய்விடும். சில செயலிகள் திரையிலிருந்து தங்கள் ஐகானையும் மறைத்துக்கொள்ளும். எதை நீக்குவது என்றே தெரியாது.

ஆக, பணம் போனது எஸ்எம்எஸ் அனுமதி வழியாக. அடைக்க வேண்டியதும் அதைத்தான். 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரின் சைபர் பாதுகாப்பு முகமையோடு சேர்ந்து கூகுள் ஒரு சோதனை தொடங்கியது. வாட்ஸ்அப், உலாவி போன்ற வழிகளில் வரும் ஒரு செயலி எஸ்எம்எஸ்ஸைப் பெறுவது, படிப்பது, அறிவிப்புகளைப் படிப்பது, மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள அணுகல் வசதியைப் பிடித்துக்கொள்வது ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அது நிறுவப்படாது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவிலும் இதைச் சோதிக்கப்போவதாக அறிவித்தார்கள். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். எல்லாப் போனிலும், பழைய போனிலும், ஒழுங்காக வேலை செய்யும்படி இதைக் கொண்டுவரச் சொல்லித்தான் நாம் சண்டை போட வேண்டும். ஓடிபியை இன்னமும் எஸ்எம்எஸ்ஸிலேயே அனுப்பும் வங்கிகளிடமும்தான்.

நான் எதிர்த்தது வேறு ஒன்றை. 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்த திட்டம் அது. பிளே ஸ்டோர் பக்கமே வராமல் தன் இணையதளத்தில் செயலி கொடுப்பவராக இருந்தாலும், பெயர், முகவரி, அடையாளச் சான்று எல்லாம் கொடுத்து கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும். பதியாதவரின் செயலி போனில் ஏறாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி 2027 முதல் மற்ற நாடுகளுக்கு என்றார்கள். 2010 முதல் கட்டற்ற செயலிகளை இலவசமாகக் கொடுத்துவரும் எஃப்-டிராய்ட், இது வந்தால் எங்கள் கதை முடிந்தது என்று வெளிப்படையாகச் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும் நவம்பரில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டி நிறுவ ஒரு வழி வைப்போம், மாணவர்களுக்குத் தனிக் கணக்கு தருவோம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வழி எவ்வளவு அகலம், எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

அடையாளம் கேட்டால் திருடன் ஓடிவிடுவான் என்கிறீர்களா? நம் நாட்டில் சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதார், பான், புகைப்படம் எல்லாம் கேட்கிறார்கள். அப்பாவின் பணம் முதலில் போய்ச் சேர்ந்த கணக்கும் அப்படி முறையாகத் திறக்கப்பட்டதாகத்தான் இருக்கும். சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட ஏதோ ஓர் ஏழையின் பெயர் அதில் இருக்கும். நாளைக்குச் செயலி உருவாக்குபவர் கணக்கும் அதே சந்தையில் வாடகைக்குக் கிடைக்கும். ஊருக்கு உபயோகமாக ஏதோ எழுதி இலவசமாகக் கொடுக்கும் கல்லூரிப் பையன்தான் படிவம் நிரப்பிக்கொண்டு நிற்பான்.

கடைக்குள் இருப்பதெல்லாம் சுத்தம் என்றும் இல்லை. வெளியிலிருந்து வரும் செயலிகளில் கெட்ட நிரல் பிளே ஸ்டோரைவிட 50 மடங்குக்கும் மேல் என்று கூகுள் சொல்கிறது. இருக்கலாம். ஆனால் கடன் செயலிகளை நினைத்துப் பாருங்கள். ஐயாயிரம் கடன் கொடுத்துவிட்டு, தொடர்புப் பட்டியலைத் திருடி, படத்தை ஆபாசமாக மாற்றி உறவினருக்கெல்லாம் அனுப்பி மிரட்டியவை. எத்தனை பேரைச் சாவு வரை தள்ளின. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்டு வரை மட்டும் 2,200க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் நீக்கியதாக நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. நீக்கும் வரை அவை அங்கேதான் இருந்தன.

தங்கையின் ஐபோனுக்கு வருகிறேன். ஏபிகே ஆண்ட்ராய்டுக்கானது, அதில் திறக்காது. அது ஒருபுறம் இருக்க, ஆப்பிள் 2008இல் ஆப் ஸ்டோரைத் திறந்தது முதல் தன் கடையைத் தாண்டி எதையும் எளிதில் விடுவதில்லை என்பதும் உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் வேறு கடைகளுக்கு வழி விட்டது சட்டம் கட்டாயப்படுத்தியதால். இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கதவு ஒன்றே ஒன்று என்றால், அதை அடைக்க விரும்புகிறவன் ஒரே இடத்தில் அழுத்தினால் போதும். 2021 செப்டம்பரில் ரஷ்ய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு தொடங்கிய நாளன்று, எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி அணியின் வாக்களிப்பு வழிகாட்டிச் செயலியை ஆப்பிள், கூகுள் இரண்டுமே தங்கள் கடையிலிருந்து தூக்கின. அரசு மிரட்டியது, கம்பெனிகள் பணிந்தன. ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர் ஏபிகே கோப்பை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஐபோன்காரருக்கு அந்த வழி இல்லை. சீனாவில், தடை செய்த தளங்களைப் பார்க்க உதவும் விபிஎன் செயலிகளை 2017இலேயே ஆப்பிள் நீக்கியிருந்தது. அந்த அதிகாரத்தைக் கம்பெனிகளின் கையில் கொடுத்துவிடலாமா?

அரசியலை விடுங்கள், தமிழையே எடுத்துக்கொள்வோம். 2010 வாக்கில் ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பல போன்களில் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஆபரா மினி உலாவியின் முகவரிப் பட்டியில் 'ஆபரா:கான்ஃபிக்' என்று அடித்து, பட்டியலில் கீழே போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தெரிவை மாற்றினால் தமிழ் தெரியும். துணிந்தவர்கள் போனை ரூட் செய்து, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, எழுத்துருவை உள்ளேயே ஏற்றினார்கள். கம்பெனி கொடுக்கவில்லை, நாமே போட்டுக்கொண்டோம். ஐபோனில் என்ன நிலை? ஆப்பிள் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது 2013இல், ஐஓஎஸ் 7இல். பிறர் செய்த விசைப்பலகைகளை உள்ளே விட்டது அதற்கும் அடுத்த வருடம். அதுவரை மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலிக்குள் தட்டச்சு செய்து, நகலெடுத்து, மின்னஞ்சலில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். செய்தவர் திறமையில் குறையில்லை, போன் இடம் கொடுக்கவில்லை. நம்மைப் போன்ற மொழிக்காரர்கள் எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் முதல் வரியில் இருந்ததில்லை, ஆர். கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளட்டும் என்கிறீர்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் கம்ப்யூட்டர் என்பதே அந்தப் போன்தான்.

சரி, அப்பாவைப் போன்றவர்களுக்கு என்ன வழி? வாங்கும்போது போன் அடைத்தே வரட்டும். திறக்கும் உரிமை உரிமையாளரிடம் இருக்கட்டும், ஆனால் கேட்டவுடனே திறக்க வேண்டாம். ஒரு நாள் காத்திருக்கச் சொல்லட்டும். எஃப்-டிராய்டில் செயலி தேடுகிறவருக்கு ஒரு நாள் பெரிதில்லை. மோசடிக்காரனுக்கு அந்த ஒரு நாள் கிடையாது. "இன்றே கட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து" என்ற பதற்றத்தை வைத்துத்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது.

இனி வங்கி விஷயம், இதை விட்டுவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கையாகக் கொண்டுவந்த விதிப்படி, தப்பு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளர் இழப்பை ஏற்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். நீங்கள் மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டீர்கள். அப்பா யாரிடமும் ஓடிபியைச் சொல்லவில்லை, அது திருடப்பட்டது. இந்த வித்தியாசத்தை எழுத்தில் அழுத்தமாகச் சொல்லுங்கள். வங்கி 'அலட்சியம்' என்று தட்டிக்கழிக்கப் பார்க்கும், பணம் கட்டாயம் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் 1930 புகார் எண், வங்கியில் சொன்ன நேரம், அந்த வாட்ஸ்அப் செய்தியின் படம் மூன்றையும் இணைத்துக் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே, கட்டணம் இல்லாமல் முறையிடலாம். அனுப்பும் முன் கடிதத்தின் நகலை எனக்கு மின்னஞ்சல் செய்யுங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.