பழைய பைக்கில் டைமிங்: எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

கேள்வி: என்னிடம் இருப்பது பாயிண்ட் (ஸ்பார்க் வரவைக்கத் திறந்து மூடும் மின்தொடர்பு) வைத்த பழைய நான்கு ஸ்ட்ரோக் பைக், ஒற்றை சிலிண்டர், பேட்டரி-காயில் இக்னிஷன். புதுப் பாயிண்ட் செட் போட்டதிலிருந்து உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் தட்டுகிறது. டைமிங் லைட் (ஓடும் இன்ஜினில் ஸ்பார்க் வரும் நேரத்தைக் காட்டும் விளக்கு) வாங்கவா, பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கிட்டே போட்டுவிடவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஹோல்டரில் இரண்டு ஒயர் இணைத்த 3 வாட் பல்பும் போதும். பல்பு உங்கள் பேட்டரியின் வோல்டேஜுக்கு, 6 அல்லது 12, பொருந்த வேண்டும்.

நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளுமே டைமிங் அட்வான்ஸாகிவிட்டதை, அதாவது ஸ்பார்க் வேண்டியதைவிட முந்தி வருவதைக் காட்டுகின்றன. புதுப் பாயிண்ட் போட்டவுடன் இப்படி ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேப்பைத்தான், அதாவது பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் இரு முகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை. கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரமே திறந்துகொள்ளும், ஸ்பார்க் முந்திக்கொள்ளும். குறைந்தால் ஸ்பார்க் பிந்தும். அதனால் கேப்பை வைத்த பிறகே டைமிங்கில் கை வையுங்கள். வரிசை மாறினால், கேப்பைத் தொட்ட நிமிடம் டைமிங்கும் நகர்ந்துவிடும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடம்வரை இன்ஜினைச் சுற்றுங்கள். கேப் பல பைக்குகளில் 0.35 முதல் 0.40 மி.மீ. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுவே கணக்கு. கேஜைச் செருகுமுன் எண்ணெய் போகத் துடையுங்கள். பாயிண்ட் முகத்தில் எண்ணெய்ப் படலம் ஒட்டினால் ஸ்பார்க்கே வராமல் போகலாம். புதுச் செட்டின் முகத்திலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய படலம் இருக்கும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தபின் வெள்ளைத் தாளை நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். கறை விழாதவரை துடையுங்கள்.

அடுத்தது டைமிங். பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் இருக்க வேண்டும். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், டேப்பெட்டில் லேசான ஆட்டம் தெரியும். பல்பின் ஒரு ஒயரைப் பாயிண்டின் ஒயர் முனையிலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் கொடுத்து, சுவிட்சைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு அணைந்திருக்கும், திறந்தவுடன் எரியும். இன்ஜினை அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள்; தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் கியரின் தளர்வு கணக்கைக் கெடுக்கும். சுழலும் பகுதியில் உள்ள டைமிங் குறி, நிலையான குறிக்கு நேருக்கு நேர் வரும் கணத்தில் பல்பு எரிய வேண்டும். குறிக்கு முன்பே எரிந்தால், பாயிண்ட் தட்டின் ஸ்குரூவைத் தளர்த்தி, கேம் (பாயிண்டைத் தள்ளித் திறக்கும் சுழல் மேடு) சுற்றும் திசையிலேயே தட்டைத் துளி நகர்த்துங்கள், ஸ்பார்க் பிந்தும். எதிர்த்திசையில் நகர்த்தினால் முந்தும். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும் இன்ஜின்களில், தட்டை 1 டிகிரி நகர்த்தினால் கிராங்கில் 2 டிகிரி மாறும். மயிரிழை அசைவே போதும். ஸ்குரூவை இறுக்கும்போது தட்டு கூடவே நகரும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி பல்பைப் பாருங்கள். இடையிடையே சுவிட்சை அணையுங்கள். பாயிண்ட் மூடியபடி சுவிட்ச் போட்டே இருந்தால் காயில் சூடாகும்.

கையேட்டில் உள்ள டைமிங் எண் ரிடார்டில் (ஸ்பார்க் பிந்திய நிலையில்) சொல்லப்பட்டதா, முழு அட்வான்ஸில் சொல்லப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே குழம்பித் தவறாக வைப்பவர்கள் நிறைய. முழு அட்வான்ஸ் என்றால், அட்வான்ஸ் வெயிட்டுகளை (வேகம் கூடும்போது விரிந்து ஸ்பார்க்கை முந்தவைக்கும் எடைகளை) விரித்துப் பிடித்த நிலையில்தான் பல்பைப் பார்க்க வேண்டும்.

பாயிண்டின் ஃபைபர் குதிகால் உரசும் கேமில் அரிசியளவு கிரீஸ் வையுங்கள். அது காய்ந்தால் குதிகால் தேயும், கேப் குறையும், டைமிங் ரிடார்டாகும். இழுவை போய், சைலன்சர் குழாய் அதிகம் சூடாகும். புதுச் செட்டில் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே குதிகால் கொஞ்சம் தேயும். 500 கி.மீ. ஓட்டியதும் கேப்பை மறுபடி பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் டைமிங் லைட் எப்போது தேவை?

பதில்: நின்ற நிலையில் எல்லாம் சரியாக இருந்தும், வேகமெடுத்தால் தட்டினாலோ இழுவை வராவிட்டாலோ வாங்கலாம். அட்வான்ஸ் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அட்வான்ஸ் சீக்கிரம் வரும். வெயிட் இறுகியிருந்தால் வராது. ஓடும்போது விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: எலக்ட்ரானிக் கிட் வீண் செலவா?

பதில்: இல்லை, பாயிண்ட் தேய்மானம் என்ற தொல்லை ஒழியும். ஆனால் பழைய வெயிட்டுகளை அப்படியே பயன்படுத்தும் கிட்டில் அவற்றின் கோளாறும் அப்படியே இருக்கும். வாங்குமுன் பேட்டரி வோல்டேஜ், எர்த் பாசிட்டிவா நெகட்டிவா, கிட் கேட்கும் காயில் ரெசிஸ்டன்ஸ் ஆகிய மூன்றையும் பொருத்திப் பாருங்கள். பாயிண்டில் நீலப்பொறி தடித்துப் பறந்து முகம் சீக்கிரம் குழிந்தால், கிட் வாங்குமுன், பாயிண்டில் பொறி பறப்பதை அடக்கும் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு, பலமுறை கோளாறே அதுதான்.