டாஷ்கேமை (சாலையைப் பதிவு செய்யும் கார் கேமராவை) காரின் முன் கண்ணாடியில் பொருத்த எது நல்லது: சக்ஷன் கப்பா (அழுத்தினால் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும் ரப்பர் கிண்ணம்), ஒட்டும் டேப்பா?

ஒரே காரில் நிரந்தரமாக இருக்கப் போகிறது என்றால் டேப்தான். சக்ஷன் கப் காற்றழுத்த வித்தியாசத்தால் நிற்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ரப்பர் இளகி, ஓரத்தில் கொஞ்சம் காற்று புகுந்தாலும் பிடி விட்டுவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் மதியம் காரைத் திறந்தால் கேமரா டாஷ்போர்டில் கிடக்கும். அதைவிட மோசம், ஓட்டும்போது விழுவது. இரண்டு மூன்று கார்களில் மாற்றி மாற்றி வைப்பவருக்கு மட்டும் சக்ஷன் கப் சரி.

டேப்பில் தவறு பெரும்பாலும் ஒட்டும் விதத்தில்தான் நடக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு கண்ணாடியைத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அக்ரிலிக் ஃபோம் டேப் (பஞ்சு போன்ற இருபக்க டேப்) முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் வரை ஆகும், அதனால் முதல் நாள் தாங்கியை மட்டும் ஒட்டிவிட்டு கேமராவை மறுநாள் மாட்டுவது நல்லது. கண்ணாடி மேல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்குமே, அங்கே ஒட்டாதீர்கள். அந்த இடம் சொரசொரப்பு, டேப் சரியாகப் பிடிக்காது.

இடம்: ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், சற்று இடது பக்கம். ஓட்டுநர் பார்வையை மறைக்காது. ஆனால் வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் லென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மழையில் பதிவு வெறும் நீர்த்துளிதான்.

அப்புறம், முன் கண்ணாடியை ஒட்டிய பக்கவாட்டுத் தூணில் ஏர்பேக் இருந்தால் கேமரா வயரை அதன் குறுக்கே கொண்டுபோகவே கூடாது.