மூலப் பாடலையும் கவர் பாடலையும் எப்படி ஒப்பிடுவது?

கவர்தான், அதாவது ஒருவரின் பாடலை வேறொருவர் பாடிய பதிவுதான், மேல் என்று தோன்றினால், இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். பிற்காலப் பதிவுகள் பெரும்பாலும் சத்தம் கூடியவை. ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும்.

வேகத்துக்கு, 15 விநாடியில் விழும் தட்டுகளை எண்ணி 4-ஆல் பெருக்குங்கள்; நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது கிடைக்கும். ஒன்று மற்றதைப்போல் சரியாக இரு மடங்கு வந்தால் பெரும்பாலும் எண்ணியதில்தான் பிழை.

சுவையான இடம் பாடலின் அமைப்பு. ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடலைப் பாருங்கள். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் தானே எழுதிப் பாடிய 1974 வடிவத்தில் குரல் அடங்கியே ஒலிக்கிறது. கடைசிச் சரணத்தை அவர் பாடவில்லை, பேசுகிறார். இன்னொரு அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனின் 1992 பதிவு வாத்தியமே இல்லாமல் தொடங்குகிறது. அதே சரணத்தை அவர் பாடி முடித்ததும் சிறு மௌனம், ஒரே டிரம் அடி, சுருதி ஒரு முழுச்சுரம் ஏறுகிறது. பார்ட்டனிடம் தணிந்த விடைபெறலாக இருந்த தலைப்பு வரி இங்கே உச்சக் குரலில் வெடிக்கிறது. குரல் வளத்தைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய வித்தியாசம் என்பேன்.

எந்தப் பதிவு என்பதையும் உறுதிசெய்யுங்கள். பார்ட்டனே 1982-இல் இதை மறுபதிவு செய்தார். அதை மூலமாகக் கொண்டால் ஒப்பீடு தொடக்கத்திலேயே பிசகும்.