மணிலாவில் இரண்டு நாள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். அடுத்த மாதம் வேலையாக பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா போகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கே எனக்கு. போய்வந்தவர்களோ, "மால் மட்டும்தான் இருக்கு. சாப்பாட்டில் எங்கும் பன்றி. பாதி ஸ்பெயின், பாதி சீனா, அவங்களுக்குன்னு ஒரு ருசி கிடையாது" என்கிறார்கள். நான் மீன் சாப்பிடுவேன், பன்றியும் மாடும் கிடையாது. பேசாமல் ஓட்டல் அறையில் தூங்கிவிடட்டுமா?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஆபீஸ்காரர்கள் மாலுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் போல. அந்த ஊர்ச் சமையலுக்குச் சொந்த ருசி உண்டு. புளிப்பு.

சினிகாங் குடித்துப் பாருங்கள். புளியங்காயை வேகவைத்துப் பிசைந்த சாற்றில் இறாலோ மீனோ, கூடவே முள்ளங்கி, வெண்டைக்காய், கீரை. மிளகாய்த் தூள் கிடையாது, தாளிப்பும் கிடையாது. முதல் வாயில் 'என்னமோ குறைகிறதே' என்றிருக்கும். மூன்றாவது வாயில் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வீர்கள். புளிக்குப் பதில் கொய்யா, மாங்காய் போட்டும் வைப்பார்கள். வினிகரில் வேகவைக்கும் அடோபோவுக்குப் பெயர்தான் ஸ்பானியம். வினிகரில் சமைப்பது ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்த வழக்கம். வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள்.

கரே-கரே என்று ஒன்று வரும், பெயரைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். 1762-இல் மதராஸிலிருந்து கப்பலேறிய பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தது. அதில் வந்த சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் பக்கத்திலுள்ள கைந்தாவில் தங்கிவிட்டார்கள். 'கறி'தான் கரே-கரே ஆனது என்பார்கள். நான் பாதிதான் நம்புகிறேன். எப்படியோ, வழக்கமாக அதில் மாட்டு வால்தான் போடுவார்கள், உங்களுக்கு ஆகாது.

பன்றி விஷயத்தில் அவர்கள் சொன்னது உண்மைதான். காய்கறிப் பதார்த்தத்திலும் நாலு துண்டு ஒளிந்திருக்கும். துரோ-துரோ கடைகளில் சட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். துரோ என்றால் விரலால் காட்டுவது. காட்டுவதற்கு முன் "வாலாங் பாபொய்?" என்று கேளுங்கள், பன்றி இல்லையே என்று அர்த்தம். காலையில் தெருவில் "தாஹோ" என்று நீட்டி முழக்கிக்கொண்டு ஒருவர் தோளில் இரண்டு பாத்திரம் சுமந்து வருவார். இளஞ்சூடான, மெத்தென்ற டோஃபு (சோயாப் பால் கட்டி), வெல்லப்பாகு, ஜவ்வரிசி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

சனிக்கிழமையைப் பாசிக் ஆற்றின் வடகரைக்குக் கொடுத்துவிடுங்கள். பினோண்டோ 1594-இல் ஏற்பட்ட சைனா டவுன். ஓங்பின் தெருவில் ஊபே என்கிற ஊதாக் கிழங்கு வைத்த ஹோப்பியா பலகாரம் வாங்கிக் கடித்துக்கொண்டே எஸ்கோல்ட்டாவுக்கு நடந்துவிடலாம். 1928-இல் கட்டிய ஃபர்ஸ்ட் யுனைடெட் கட்டடம் அங்கேதான். ஓவியர் ஹுவான் லூனாவின் மகன் வடிவமைத்த ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடம் அது. தரைத்தளத்தில் இளைஞர்கள் சின்னச் சின்னக் கடை போட்டிருக்கிறார்கள். அப்புறம் கியாப்போ. தேவாலய வாசலில் சரம் சரமாக சம்பகீத்தா விற்பார்கள். நம் குண்டுமல்லிதான், அங்கே அது தேசிய மலர். தலையில் வைப்பதில்லை, சாமி சிலைக்கும் ஜீப்னி என்கிற ஷேர் வண்டிகளின் கண்ணாடிக்கும் போடுவார்கள். கேசோன் பாலத்துக்கு அடியில் கூடை, பாய், அபாக்கா என்கிற ஒருவகை வாழையின் நார்ப் பைகள் கிடைக்கும். மால் விலையை அங்கே மறந்துவிடுங்கள், பேரமும் பேசலாம்.

ஞாயிறு காலை மக்காத்தியில் லெகாஸ்பி சந்தை. பிறகு இன்ட்ராமுரோஸ் கோட்டைக்குள் காசா மணிலா, ஸ்பானியர் காலத்து வீட்டைப் போலக் கட்டிய அருங்காட்சியகம். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய கபிஸ் சிப்பிகளைச் சதுரம் சதுரமாகப் பதித்திருப்பார்கள். வெயில் அதன் வழியாகப் பால் மாதிரி இறங்கும். டிசைனர் என்கிறீர்கள், ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.

கடைசியாக, உங்கள் தொழில் சமாசாரம். அன்னாசி இலை நாரில் நெய்யும் பீன்யா துணி. உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையைச் சுரண்டி நாரெடுத்து, ஒவ்வொரு இழையாகக் கையால் முடிச்சுப் போட்டு நீளமாக்குகிறார்கள். ஆக்லான் மாகாண நெசவாளர்களின் இந்த வேலையை 2023-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. நான் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு பீன்யா சட்டை வாங்கிவந்தேன். அறைக்கு வந்து ஒரு இழையைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினேன். சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக நின்றது. அது செயற்கை இழை என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முடிச்சும் மேடுபள்ளமும் தெரியாத துணியை, அதுவும் மலிவாகக் கொடுத்தால், வாங்காதீர்கள். பட்டு கலந்த பீன்யா கிடைத்தால் அதுவும் நல்லதுதான், விலையும் கொஞ்சம் குறையும்.

மாலா? ஞாயிறு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் போங்கள்.