இரண்டு கோல்கள்

அன்புள்ள ஐயா,
வெளிநாட்டு உதவித் திட்டம் என்றாலே அரசும் கம்பெனியும் தொண்டு நிறுவனமும் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். லாபம் பார்ப்பவனுக்கு ஏழைமேல் என்ன அக்கறை? இப்படிச் சேர்ந்து உருப்படியாக ஒன்றாவது செய்திருக்கிறார்களா?
கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

செய்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றுக் குருட்டுநோயைப் பாருங்கள்.

வேகமாக ஓடும் ஆற்றில் பெருகும் ஒரு கறுப்பு ஈ கடித்து உடம்பில் புழு ஏறும். அதன் குஞ்சுகள் கண்ணுக்குப் போனால் பார்வை போய்விடும். வோல்ட்டா ஆற்றோரம் நல்ல விளைநிலத்தைப் போட்டுவிட்டு ஊர் ஊராக வெளியேறினார்கள். பார்வை போன பெரியவர் ஒரு கோலின் நுனியைப் பிடித்திருப்பார், மறுநுனியைப் பிடித்தபடி ஒரு சிறுவன் முன்னால் நடப்பான். அந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடம் ஏது?

1974-இல் உலக வங்கியும் உலக சுகாதார நிறுவனமும் அந்த நாட்டு அரசுகளும் சேர்ந்து, ஹெலிகாப்டரில் ஆறுகளுக்கு மருந்து தெளிக்கத் தொடங்கின. ஈ குறைந்தது. உடம்புக்குள் இருந்த புழுவுக்கு வழி பிறந்தது 1987-இல். ஐவர்மெக்டின் என்ற புழு மாத்திரையைத் தேவையான அளவு, தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக மெர்க் என்ற மருந்துக் கம்பெனி அறிவித்தது. உங்கள் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. அதே மருந்தைக் கால்நடைகளுக்கு விற்று அவர்கள் நன்றாகவே சம்பாதித்திருந்தார்கள். ஆனால் 'தேவைப்படும் காலம்வரை' என்ற அந்த வாக்கை நான் பெரிதாக மதிக்கிறேன். மாத்திரை குஞ்சுகளைத்தான் அழிக்கும், தாய்ப்புழு பத்துப் பதினைந்து வருடம் உயிரோடிருக்கும். மூன்று வருடத் திட்டம் போட்டு மூட்டை கட்டுபவர்களால் இந்த நோயை ஒன்றும் செய்ய முடியாது.

இலவச மருந்து துறைமுகம்வரை வந்துவிடும். அதற்குமேல்? இதே நோய்க்காக 1995-இல் தொடங்கிய ஆப்பிரிக்கத் திட்டம் அந்தப் பொறுப்பை ஊரிடமே விட்டது. யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை ஊரே கூடி முடிவு செய்தது. எடை பார்க்கும் கருவிகூடக் கிடையாது. கோடு போட்ட ஒரு கோலை நட்டு, பக்கத்தில் நிற்க வைப்பார்கள். தலை எந்தக் கோட்டுக்கு வருகிறதோ அதற்கேற்ற மாத்திரை.

2025 ஜனவரியில் நைஜர் இந்த நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் நாடு.

நீங்கள் சொல்லும் படத்தில், அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களைக் காணோம். அவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளமும் கிடையாது. ஹெலிகாப்டருக்கும் அலுவலகத்துக்கும் கணக்குப் போட்டவர்கள், இவர்கள் உழைப்பை மட்டும் சேவை என்று எழுதிவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.