சங்கத்தை விட்டால் காசு மிஞ்சுமா?

கேள்வி: கணவர் மேசன். வேலை இருந்தால்தான் சம்பளம். படிக்கிற பிள்ளைகள் இரண்டு. இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தோம். மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், கோயில் என்று ஆள் மாறி ஆள் கூப்பிடுகிறார்கள். சந்தா, உபயம் என்று காசு போகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சிக்கனமாக இருக்கலாமா?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, முதலில் ஒரு மாதச் செலவைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். சந்தாவை விட ரீலோடும் தவணைச் சாமானும்தான் கூடத் தின்றிருக்கும்.

மரண உதவிச் சங்கத்தை விடாதீர்கள். சாவு வீட்டில் பெட்டி, பந்தல், கதிரை எல்லாம் ஒரே நாளில் வேண்டும். மாதர் சங்கத்தில் சுழற்சிக் கடன், அதாவது சங்கக் காசை உறுப்பினருக்கு மாறி மாறிக் கடனாகக் கொடுக்கும் முறை, உண்டா என்று கேளுங்கள். அப்படி ஒன்று இல்லாத இடத்தில்தான் கம்பனிகள் வாசலுக்கே வந்து தரும் சிறு கடனான நுண்கடனுக்குக் கையெழுத்து வைக்கிறோம். ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுத்து வன்னிப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2018இல், வரட்சி பாதித்த மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடனை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

சிக்கனத்தை அரிசியில் தொடங்குங்கள். காலபோக அறுவடை மாசி, பங்குனியில். நெல் விலை இறங்குவதும் அப்போதுதான். சங்கத்தில் வயல் செய்யும் வீடு ஒன்றாவது இருக்கும். அங்கே மூட்டையாக வாங்கி, அவித்து, காயவிட்டு, மில்லில் குத்தினால் கடை அரிசியை விட மலிவு; தவிடு கோழிக்கு. தனி வீட்டுக்கு இது பெரிய வேலை. நாலு வீடு சேர்ந்தால் கிடாரம், விறகு, காகத்தை விரட்டுகிற ஆள் எல்லாம் பொது.

ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் ஓட வேண்டாம். சிரமதானத்துக்கு வீட்டுக்கு ஒருவர் போதும். செயலாளர் பதவி தந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். போன் காசும் ஓட்டோக் காசும் உங்கள் கையால்தான் போகும். மகளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம், வீடியோ என்று கடன்படாமல் இருந்தாலே பல வருடச் சந்தா மிஞ்சும். (இதற்கு எனக்குத் திட்டுக் கடிதம் வரும். வரட்டும்.)

அப்புறம் கோயில் உபயம். காசு இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லலாம், வெட்கமில்லை. அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட வருகிறேன் என்று சொல்லுங்கள். அந்தப் பக்கம் எப்போதும் ஆள் காணாது.