கேட்காமல் வந்த கிண்ணம்

வணக்கம். ஒசாகாவில் ஓர் இஸகாயாவில் (மதுவும் சிறு உணவுகளும் தரும் ஜப்பானியக் கடை) நீங்கள் சொல்லாமலேயே வந்த இரண்டு சிறு கிண்ணங்களுக்கு ரசீதில் 800 யென் ஏறியிருந்ததை ஏமாற்று வேலை என்று எண்ணி வருந்தியிருக்கிறீர்கள். அது ஏமாற்று அன்று. டோக்கியோப் பக்கம் ஒதோஷி என்றும், ஒசாகாப் பக்கம் ட்சுகிதாஷி என்றும் வழங்கும் அந்தத் தொடுகறி, முதல் பானத்தோடு மேசைக்கு வருவது. தலைக்கு ஏறத்தாழ 300 முதல் 500 யென் வரை வாங்கப்படும் அத்தொகை, நடைமுறையில் இருக்கைக் கட்டணமாகவே கொள்ளப்படுகிறது. வேண்டாம் என்பவர்கள் உட்காருவதற்கு முன்பே "ஒதோஷி நாஷி" (ஒதோஷி இல்லாமல்) என்று கேட்டுப் பார்க்கலாம்; சில கடைகள் இசையும், சிறிய கடைகள் பெரும்பாலும் இசையா.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது, சைவரான உங்கள் மனைவிக்கு அந்தக் கிண்ணத்தில் இருந்த கீரையில் மீன் வாடை அடித்தது என்று எழுதியிருந்ததுதான். பார்வைக்குக் காய்கறியாக இருப்பதும் பெரும்பாலும் தாஷி என்னும் மீன்சாற்றில் ஊறியதாகவே இருக்கும். குளிர்ந்த டோஃபுவின் மேல் மரச்சீவல்போல் மெல்லியதாகக் கிடக்கும் கட்சுஓபுஷியும் உலர்ந்த மீனே. அடுத்த முறை உப்பிட்டு அவித்த பச்சை சோயாக் காய்களான எடமாமேயையும், "கட்சுஓபுஷி நாஷி" என்று சொல்லி டோஃபுவையும் கேளுங்கள். தொட்டுக்கொள்ள வெறும் சோயா சாஸ் போதும், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவுக்குத் தரும் சாற்றில் தாஷி இருக்கும்.